கரண்ட் வேண்டாம் என்ற ஊர்: மேற்கு ஜாவாவின் கம்போங் நாகா

கேள்வி இது: இந்தோனேசியாவில் ஒரு சின்னக் கிராமத்து வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்? மேற்கு ஜாவாவில் ஒரு ஊர் கரண்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாமே, அதற்குக் காரணம் வறுமையா, மூடநம்பிக்கையா? வெளியாட்கள் போய்ப் பார்க்க முடியுமா?

அந்த ஊரின் பெயர் கம்போங் நாகா. பெயரில் நாகம் இருந்தாலும் பாம்புக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லை. போய்ப் பார்க்கலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன். வறுமையால்தான் கரண்ட் இல்லை என்பது தவறு. மின்கம்பம் மேலே சாலை வரைக்கும் வந்து நிற்கிறது. சாலையோரக் கடைகளில் குளிர்சாதனப் பெட்டி ஓடுகிறது, பைக்குகள் பறக்கின்றன. கீழே ஊருக்குள் கம்பி இழுக்க ஊர்க்காரர்கள்தான் சம்மதிக்கவில்லை. மூடநம்பிக்கை என்றும் ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் சொல்லும் காரணங்களை உட்கார்ந்து கேட்டால் யாருக்கும் புரியும்.

நாகாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'காலம் உறைந்த கிராமம்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. 1956இல் எரிந்து சாம்பலாகி, அதே இடத்தில் அதே அளவில் மறுபடி எழுந்த ஊர் இது. அன்றைக்கு ஓட்டு வீடு கட்டியிருக்கலாம், செங்கல் சுவர் எழுப்பியிருக்கலாம், ஊரையே சாலையோரம் மாற்றியிருக்கலாம். எதையும் செய்யவில்லை. இந்த ஊர் சிறியதாக இருப்பது தானாக நடந்த விஷயம் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு தலைமுறையும் முடிவெடுத்து, அதற்கான விலையையும் கொடுத்து, அப்படி வைத்திருக்கிறது. அந்த விலை என்ன, யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் இந்த ஊரைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது.

முதலில் இடம். ஜாவாத் தீவின் மேற்குப் பகுதியில், காருட் நகரத்துக்கும் தாசிக்மலாயாவுக்கும் நடுவே ஒரு மலைச்சாலை வளைந்து வளைந்து போகிறது. அந்தச் சாலையில் சலாவு வட்டாரத்தின் நெக்லாசாரி என்ற தேசா (கிராமம்). காருட்டிலிருந்து 26 கிலோமீட்டர், தாசிக்மலாயாவிலிருந்து 30 கிலோமீட்டர், பாண்டுங்கிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். தீவின் பெயர் ஜாவா என்றாலும் இந்தப் பக்கத்து மக்கள் ஜாவானியர்கள் இல்லை, சுண்டானியர்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் 3.6 கோடிக்கு மேல்; ஜாவானியருக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய இனம். மொழி வேறு, சாப்பாடு வேறு. பச்சைக் காய்களையும் கீரைகளையும் அப்படியே சம்பலோடு தொட்டுச் சாப்பிடுகிற மக்கள்.

இந்தோனேசியாவில் சுமார் 75,000 தேசாக்கள் இருக்கின்றன. நம் ஊராட்சிக்கு நிகரானது என்று வைத்துக்கொள்ளலாம். 2014இல் தேசாக்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. 2015லிருந்து மத்திய அரசின் பணம் தேசாக்களுக்குப் போகிறது. கம்போங் என்பது தேசாவுக்குள் அடங்கிய குடியிருப்பு. ஆகவே நாகாவுக்கு இரண்டு நிர்வாகம். வரி, அடையாள அட்டை, பிறப்புப் பதிவு எல்லாம் நெக்லாசாரி வழியாக நடக்கும். ஊர் வழக்கம் சம்பந்தப்பட்ட எதற்கும் குன்ச்சென் என்கிற பெரியவர். அந்தப் பொறுப்பு பரம்பரையாக வருவது. அவருக்குத் துணையாக ஊர் வேலைகளை ஒருங்கிணைக்க ஒருவர் உண்டு. சாவுச் சடங்கு முதலான மதக் காரியங்களைக் கவனிக்க லெபே என்று இன்னொருவர் உண்டு (நம் லெப்பையோடு உறவுள்ள சொல்தான்). இரண்டு நிர்வாகமும் பெரும்பாலும் உரசிக்கொள்வதில்லை. ஒன்றின் எல்லை எங்கே முடிகிறது என்பது மற்றதற்குத் தெரியும்.

சாலையிலிருந்து ஊருக்கு இறங்க 400க்கு மேற்பட்ட படிகள். எண்ணுகிறவர்களுக்கு ஆளுக்கொரு கணக்கு வரும். ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் அடுக்கடுக்காக வயல். பாதி இறங்கியதும் சிவுலான் ஆற்றின் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். காருட் பக்கத்துச் சிகுராய் மலையில் பிறந்து வருகிற ஆறு அது. படி முடிந்து ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் ஊர். கருப்புக் கூரைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். வாகனம் எதுவும் இங்கே வராது. அரிசி மூட்டை, மண்ணெண்ணெய், கட்டுமான மரம், நோயாளி என்று எதுவானாலும் இந்தப் படி வழியாகத் தோளில்தான் வர வேண்டும், போக வேண்டும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இந்தப் படிகளை அழகு என்று படம் எடுக்கிறார்கள். அங்கே வயதாகிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அவை வேறு விதமாகத் தெரியும்.

வீடுகள் நிற்கும் நிலம் ஒன்றரை ஹெக்டேர். நம் கணக்கில் நாலு ஏக்கர்கூட இல்லை. அதற்குள் 113 கட்டடங்கள்: 110 வீடுகள், ஒரு பள்ளிவாசல், ஒரு பொதுக்கூடம், ஒரு நெற்களஞ்சியம். சுமார் 300 பேர். வடக்கிலும் கிழக்கிலும் ஆறு, தெற்கே வயல், மேற்கே முன்னோரின் சமாதி இருக்கும் காடு. மூங்கில் வேலி போட்டு குடியிருப்பைத் தனியாகப் பிரித்திருக்கிறார்கள். கழிப்பறை, குளிக்கும் இடம், நெல் குத்தும் கொட்டகை, ஆட்டுக் கொட்டில் எல்லாம் வேலிக்கு வெளியே.

வீடு எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கரண்ட் கேள்விக்கான பதில் பாதி இங்கேதான் இருக்கிறது. வெறும் தரையில் வீடு கிடையாது. தட்டையான கற்களை வைத்து, அவற்றின் மேல் மரக்கால்களைச் சும்மா நிறுத்தி, அதற்கு மேல் தளம். தரைக்கும் தளத்துக்கும் நடுவே முழங்கால் உயரம் இடைவெளி. அதில் விறகும் மண்வெட்டியும் கிடக்கும், கோழி மேயும். சுவர் மூங்கில் பாய். அதற்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். கலர் பெயின்ட் கூடாது. கூரையில் அடியில் இலை வேய்ந்து, மேலே இஜுக் என்கிற கருப்பு நார். அரென் பனையின் தண்டைச் சுற்றி வளரும் நார் அது. மழைத் தண்ணீர் ஊறாது, பல பத்தாண்டுகள் நிற்கும். ஆனால் நெருப்பு பட்டால் அவ்வளவுதான்.

எல்லா வீடும் வடக்கு அல்லது தெற்கு பார்த்தது. வரிசைகள் எதிரெதிரே நிற்கும். வாசல் பக்கத்திலேயே இரண்டு கதவு, ஒன்று கூடத்துக்கு, ஒன்று சமையலறைக்கு. பின்பக்கம் கதவு வைக்க மாட்டார்கள். முன்னால் வந்த செல்வம் பின்னால் போய்விடும் என்பது நம்பிக்கை. உள்ளே நாற்காலி, மேசை, கட்டில் எதுவும் கிடையாது. யார் வந்தாலும் பாயில்தான் உட்கார வேண்டும். அரிசி வைக்க கோஆ என்று சின்ன அறை. அதற்குள் பெண்கள் மட்டும்தான் போகலாம். அரிசியை எடுப்பதும் அளப்பதும் பெண்ணின் பொறுப்பு, ஆண் அதில் கை வைக்க முடியாது. நெல்லுக்கு நியி பொஹாசி என்று ஒரு தெய்வத்தைச் சுண்டானியர்கள் சொல்வார்கள். அந்த மரியாதை இந்த அறையில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

இந்த வீடுகளில் நான் அதிகம் பேச விரும்பும் பொருள் சமையலறைக் கதவு. கூடத்துக் கதவு மரம், அடைத்தால் ஒன்றும் தெரியாது. சமையலறைக் கதவு அப்படியில்லை. சாசாக் என்ற பின்னலில், மூங்கில் பட்டைகளைக் கட்டம் கட்டமாக இடைவெளி விட்டுப் பின்னியிருப்பார்கள். விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே ஹாவு என்கிற விறகு அடுப்பு. புகை அந்தக் கட்டங்கள் வழியாக வெளியே போகும், வெளிச்சம் உள்ளே வரும். ராத்திரியில்தான் அதன் உண்மையான வேலை. அடுப்பில் தணல் அணையாமல் இருந்தால், அல்லது ஒரு பொறி விறகில் பட்டுப் பிடித்தால், வெளியே ரோந்து போகிறவர் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்துவிடும். கதவைத் தட்டி எழுப்பக்கூட வேண்டாம், பார்த்தவுடனே நிலைமை புரிந்துவிடும். எதிர் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். ஒரு வீட்டின் அடுப்பை ஊரே பார்க்க முடிகிற மாதிரி கதவு செய்திருக்கிறார்கள் என்றால், நெருப்பு இந்த ஊரின் எவ்வளவு பெரிய பயம் என்று யோசித்துப் பாருங்கள். நார்க்கூரை, மூங்கில் சுவர், வீட்டுக்கு வீடு இடைவெளி சில அடிகள். ஒரு வீடு பிடித்தால் 110 வீடும் போகும்.

இப்போது கரண்ட் விஷயத்துக்கு வரலாம். ஊர்க்காரர்கள் சொல்லும் முதல் காரணம் இதுதான். ஒரு பழைய ஒயர், ஒரு தளர்ந்த இணைப்பு, அதிலிருந்து ஒரு பொறி போதும். சிம்னி விளக்கிலும் அடுப்பிலும்கூட ஆபத்து உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அந்த நெருப்பு கண்ணெதிரே இருக்கிறது. வீட்டில் ஆள் இருக்கும்போது எரிகிறது, தூங்கப் போகும்போது அணைகிறது. சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் ஓடுகிற ஒயரை யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இரண்டாவது காரணத்தை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். கரண்ட் வந்தால் டிவி வரும், ஃபிரிட்ஜ் வரும், வாஷிங் மெஷின் வரும். எல்லா வீட்டுக்கும் ஒன்றாக வராது. பணம் உள்ளவன் வாங்குவான், இல்லாதவன் பார்ப்பான். இந்த ஊரில் வசதி வித்தியாசம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சிலருக்கு வயல் அதிகம், சிலருக்கு வெளியூரில் வேலை, சிலர் மூங்கில் கூடை பின்னிப் பிழைக்கிறார்கள். ஆனால் வீட்டை வெளியிலிருந்து பார்த்தால் அந்த வித்தியாசம் தெரியக் கூடாது. செங்கல் சுவர் கட்ட வசதி இருந்தாலும் கட்டக் கூடாது என்ற விதி, நாற்காலி மேசை கூடாது என்ற விதி, பெயின்ட் கூடாது என்ற விதி எல்லாம் இதே திசையில்தான் போகின்றன. பொறாமைக்கு இடம் கொடுக்காமல் இவ்வளவு நெருக்கத்தில் வாழ வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை, அதை வெளிப்படையாகவே சொல்கிறார்கள்.

அதற்காக நவீனம் எதையுமே தொடாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். மொபைல் வைத்திருக்கிறார்கள், மேலே போய் சார்ஜ் செய்துகொண்டு வருகிறார்கள். பேட்டரியில் சின்ன டிவி ஓட்டுகிற வீடுகளும் உண்டு. பிள்ளைகள் படியேறி வெளியே பள்ளிக்கூடம் போகிறார்கள். எது உள்ளே வரலாம், எது வரக் கூடாது என்பதை ஒவ்வொன்றாக எடைபோடுகிறார்கள்.

இந்த முடிவுக்கு அரசு எப்படிப் பதில் சொன்னது என்பதும் ஒரு கதை. விளக்குக்கு மண்ணெண்ணெய் வேண்டும். இந்தோனேசிய அரசு 2007இல் மண்ணெண்ணெய் மானியத்தைக் குறைத்து, வீடுகளுக்கு 3 கிலோ பச்சை கேஸ் சிலிண்டர் கொடுக்கும் பெரிய திட்டத்தை ஆரம்பித்தது. நாடு முழுக்கச் சமையலுக்கு அது சரிதான், லட்சக்கணக்கான பெண்களுக்கு நல்லதும் செய்தது. நாகாவில் சமையல் விறகில் நடக்கிறது, மண்ணெண்ணெய் வெளிச்சத்துக்கு. கேஸ் சிலிண்டரை வைத்துக்கொண்டு சிம்னி விளக்கு ஏற்ற முடியாதே. மண்ணெண்ணெய் கிடைப்பது குறைந்து விலை ஏறியபோது, 2009 வாக்கில், ஊர்க்காரர்கள் ஊரைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கொஞ்ச காலம் மூடி வைத்தார்கள். ஊர்வலமோ மறியலோ இல்லை. எங்களைப் பார்க்க ஆளை அனுப்புகிறீர்கள், எங்கள் விளக்குக்கு எண்ணெய் தர மாட்டீர்கள் என்றால் பார்க்க வர வேண்டாம் என்றார்கள். என் பார்வையில் அது நியாயமான கோரிக்கை. மரபைக் காட்டி விளம்பரம் செய்கிற எந்த அரசும் அந்த மரபுக்கு அன்றாடம் என்ன தேவை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து, விலை. 110 வீடு என்ற எண்ணிக்கை கூடாது. கூட இடமும் இல்லை. காட்டை வெட்ட முடியாது, வயலை மூட முடியாது, மாடி கட்ட முடியாது. அப்படியென்றால் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் கல்யாணம் செய்துகொண்டால் எங்கே போவார்கள்? வெளியேதான். ஒருவர் பெற்றோர் வீட்டில் இருக்கலாம், காலியாகிற வீடு ஏதாவது இருந்தால் இன்னொருவருக்குக் கிடைக்கலாம், மற்றவர்கள் நெக்லாசாரி, தாசிக்மலாயா, பாண்டுங், ஜகார்த்தா என்று கிளம்ப வேண்டும். அவர்களுக்கு 'சா-நாகா' என்று பெயர், நாகாவின் வம்சம் என்ற அர்த்தத்தில். உள்ளே வாழ்கிற 300 பேரைப் போலப் பல மடங்கு பேர் வெளியே இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஊர்ச் சடங்கில் இடம் உண்டு, சமாதிக்குப் போக உரிமை உண்டு. விழா நாளில் படி முழுக்க அவர்கள்தான் இறங்கி வருவார்கள். வெளியே அவர்கள் ஓட்டு வீட்டில், கரண்டோடு, சோபாவோடு வாழலாம். விதி அந்த ஒன்றரை ஹெக்டேருக்கு மட்டும்தான்.

நாகாவை உதாரணம் காட்டிப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இயற்கையோடு இயைந்த ஊர், அளவோடு வாழும் மக்கள் என்று மட்டும் சொன்னால் கதை பாதிதான். அந்த அளவு ஒவ்வொரு தலைமுறையிலும் பல பிள்ளைகள் பிறந்த வீட்டை விட்டுப் போவதால் நிற்கிறது. பக்கத்தில் வாடகைக்கு வீடும் ஊரில் கூலி வேலையும் கிடைக்கிற ஒரு பெரிய ஜாவா சுற்றிலும் இருப்பதால்தான் அது சாத்தியமாகிறது. இதைச் சொல்வதால் ஊரின் மதிப்பு குறைந்துவிடாது. வீட்டுக்கு வீடு தெரிந்தே கொடுக்கிற விலை இது என்பதால் எனக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது.

காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊருக்கு அருகே இரண்டு காடு. ஒன்று முன்னோரின் சமாதிக் காடு, இன்னொன்று ஆற்றுக்கு அக்கரையில். இரண்டிலும் மரம் வெட்டுவது மட்டுமில்லை, விழுந்து கிடக்கிற கிளையை எடுப்பதுகூடப் பமாலி. செய்யக் கூடாதது என்று ஊர் வைத்திருக்கும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான். எழுதி வைத்த சட்டம் கிடையாது, அபராதத் தொகை கிடையாது. பமாலி என்று பாட்டி சொன்னால் குழந்தை நின்றுவிடும். செங்குத்தான சரிவும் அடைமழையும் உள்ள பகுதியில், அக்கரைக் காடு மண்ணைப் பிடித்து வைத்திருப்பது ஊருக்கே காப்பு. அந்தக் காரணத்தை வெளியாட்களுக்கு விளக்குவார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருப்பதில்லை.

வயலில் வருடத்துக்கு இரண்டு போகம். ஜனவரியில் ஒரு நடவு, ஜூலையில் ஒரு நடவு. தண்ணீர் இருக்கிறது, மூன்றாவது போகமும் எடுக்கலாம். அக்கம்பக்கத்தில் எடுக்கவும் செய்கிறார்கள். இவர்கள் போடுவது உயரமாக வளரும் நாட்டு ரகம், விளைய நாள் பிடிக்கும். அதிபர் சுகார்த்தோ ஆட்சியில் குறுகிய கால ரகமும் உரமும் பூச்சிமருந்தும் கிராமம் கிராமமாகப் போய்ச் சேர்ந்தன. 1984இல் நாடு அரிசியில் தன்னிறைவு அடைந்ததாக அறிவித்தது. அதே நேரம் புகையான் பூச்சி திரும்பத் திரும்ப வந்து வயல்களை அழித்தது. கடைசியில் 1986இல் அரசே 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை போட்டது. நாகா தன் ரகத்தையும் தன் இரண்டு போகத்தையும் விடவில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டு, ஒரே சமயத்தில் அறுத்து, நடுவில் வயலைச் சும்மா விட்டால் பூச்சிக்குத் தொடர்ந்து தீனி கிடைக்காது. அந்த ஞானத்தை அவர்கள் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை.

அறுப்பும் கதிர் கதிராகத்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கத்தியால் தண்டோடு கொய்து, கட்டாகக் கட்டி, வெயிலில் காயப் போடுவார்கள். அப்புறம் குத்துவது. குளத்தின் மேலே கால் ஊன்றி நிற்கிற கொட்டகைக்குள் நீளமான மர உரல். இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து உலக்கை போடுவார்கள், சத்தம் தாளம் தப்பாமல் வரும். உமியும் தவிடும் தளத்தின் இடுக்கு வழியாக நேரே குளத்தில் விழும். கீழே மீன் காத்திருக்கும்: குராமி, கெண்டை, ஜிலேபி. பக்கத்துக் குளத்தின் மேல் கழிப்பறை. அதுவும் மீனுக்கே போகிறது. கேட்கிறவர்கள் முகம் சுளிப்பதுண்டு. மேற்கு ஜாவா முழுக்க இருந்த பழைய ஏற்பாடு அது, நாகாவில் இன்னும் பார்க்க முடிகிறது. அந்தக் குளத்து நீர் வாய்க்காலாக வயலுக்குப் போகும், மிச்சம் ஆற்றில் சேரும்.

மதம் இஸ்லாம். ஐந்து வேளைத் தொழுகை, நோன்பு, குழந்தைகளுக்கு மாலையில் குர்ஆன் பாடம், எல்லாம் உண்டு. கூடவே முன்னோர் வழிபாடும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் முரண்பாடு இருப்பதாக அவர்கள் நினைப்பதில்லை. ஊரைத் தொடங்கியவராகச் சொல்லப்படுகிறவர் செம்பா டாலெம் சிங்கபர்ணா. சிரெபோனிலிருந்து இஸ்லாத்தைப் பரப்பிய சுனன் குனுங் ஜாத்தி என்ற மகானின் ஆள், மேற்கே அனுப்பப்பட்டவர் என்பது ஒரு வழக்கு. அவர் பெயரை அநாவசியமாக உச்சரிக்க மாட்டார்கள். பக்கத்தில் சிங்கபர்ணா என்றே ஒரு ஊர் இருக்கிறது. நாகாக்காரர்கள் அதைக் கலுங்குங் என்றுதான் சொல்வார்கள், அங்கே தெரிகிற எரிமலையின் பெயரை வைத்து.

முஹர்ரம், மவ்லூது, ஜுமாதில் ஆகிர், ஷஃபான், ஷவ்வால், துல்ஹஜ் ஆகிய ஆறு மாதங்களிலும் ஹஜாத் சாசிஹ் என்ற விழா. அன்றைக்குக் காலையில் ஆண்கள் எல்லோரும் சிவுலானில் இறங்கிக் குளிப்பார்கள். வெள்ளை அங்கி, இடுப்பில் கச்சை, தலையில் கட்டு. காலில் செருப்பு கிடையாது, கையில் கடிகாரமோ மோதிரமோ கிடையாது. ஆளுக்கொரு ஈர்க்குமாற்றை எடுத்துக்கொண்டு குன்ச்சென்னுக்குப் பின்னால் வரிசையாக மேற்குக் காட்டுக்குள் ஏறுவார்கள். சமாதியைச் சுற்றிப் பெருக்கிச் சுத்தம் செய்வார்கள், குன்ச்சென் சாம்பிராணி போட்டு வேண்டுவார், எல்லோரும் அமர்ந்து குர்ஆன் ஓதுவார்கள். வீட்டில் பெண்கள் மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து வைத்திருப்பார்கள். அது பள்ளிவாசலுக்கு வரும், ஓதி முடித்ததும் எல்லோருக்கும் பங்கு. மந்திரி மகன் என்றாலும் கூலித் தொழிலாளி என்றாலும் அங்கே அதே வெள்ளைத் துணி, அதே வெறுங்கால்.

கலை விஷயத்திலும் கட்டுப்பாடு இருக்கிறது. மேற்கு ஜாவாவில் எங்கும் கொண்டாடுகிற வாயாங் பொம்மலாட்டம், டாங்டுட் பாட்டு, பெரிய கொங் (வெண்கலத் தட்டு வாத்தியம்) வாசிக்கிற எதுவும் ஊருக்குள் கூடாது. கைப்பறை அடித்துப் பாடுவதும் அங்க்லுங் என்ற மூங்கில் வாத்தியமும் உண்டு. ஊருக்கு வெளியே போய் வாயாங் பார்க்கிறவர்களை யாரும் தடுப்பதில்லை.

பழைய வரலாறு எவ்வளவு தெரியும் என்று கேட்டால், பெரியவர்கள் 'தீவட்டி அணைந்துவிட்டது' என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சொல்வார்கள். காரணம் 1956இல் நடந்த அந்தத் தீ. கார்த்தோசுவிர்யோ என்ற கிளர்ச்சித் தலைவர் 1949 ஆகஸ்ட் 7இல் இதே தாசிக்மலாயா வட்டாரத்தில் இஸ்லாமிய நாட்டை அறிவித்து, அதிபர் சுகர்ணோவின் குடியரசை எதிர்த்து ஆயுதம் தூக்கினார். அவர் 1962இல் பிடிபடும் வரை மேற்கு ஜாவாவின் மலைக்கிராமங்கள் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நசுங்கின. நாகா குடியரசின் பக்கம் நின்றது, அந்தக் கோபத்தில்தான் கார்த்தோசுவிர்யோவின் ஆட்கள் எரித்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். வீடுகளோடு பரம்பரைப் பொருட்களும் எழுத்தில் இருந்த சான்றுகளும் போயின. ஊர் எப்போது உண்டானது, யார் யார் வழியில் வந்தது என்று உறுதியாகச் சொல்ல இன்று எதுவும் கையில் இல்லை. தீயைப் பற்றி இந்த ஊர் இவ்வளவு கவனமாக இருப்பதை இந்த நினைவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எரிந்த பிறகும் பழைய முறையிலேயே கட்டியது முட்டாள்தனம் என்று யாராவது சொன்னால், 2009 செப்டம்பர் 2ஐ நினைவுபடுத்துவேன். அன்று தாசிக்மலாயாவுக்குத் தெற்கே கடலில் 7.0 அளவு நிலநடுக்கம். மேற்கு ஜாவாவில் ஆயிரக்கணக்கான செங்கல் வீடுகள் விரிந்தன, இடிந்தன. கல்லின் மேல் சும்மா நிற்கிற நாகா வீடுகள் ஆடின, அதே இடத்தில் நின்றன. கனமில்லாத சுவர், முளை அடித்துக் கோர்த்த மரச்சட்டம், தரையோடு இறுகாத கால். ஆட இடம் கொடுத்தால் உடைய வேண்டிய அவசியம் இல்லை. எரிமலையும் பிளவும் சூழ்ந்த இந்தப் பகுதியில் வீடு கட்டத் தெரிந்தவர்கள் சேர்த்து வைத்த அறிவு அது.

சரி, போக விரும்பினால். சுற்றுலாத் தலம் என்று சொல்வதை ஊர்ப் பெரியவர்கள் விரும்புவதில்லை. வருகிறவர்கள் விருந்தாளிகள் என்பார்கள். காருட்டிலிருந்து தாசிக்மலாயா போகும் சிற்றுந்தில் ஏறி, நாகா என்று சொன்னால் வாசலில் இறக்கிவிடுவார்கள். மேலே வாகன நிறுத்தத்தில் ஊர்க்காரர்களே வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். ஒருவரை அழைத்துக்கொள்வது அவசியம், எங்கே கால் வைக்கக் கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும். பூமி அகெங் என்ற சின்னப் புனித வீடு ஊருக்குள் இருக்கிறது; அதைப் படம் எடுக்கக் கூடாது, நெருங்கவும் கூடாது. காடுகளுக்குள் நுழைய முடியாது. செவ்வாய், புதன், சனி ஆகிய மூன்று நாட்களில் ஊரின் தோற்றத்தைப் பற்றியோ வழக்கங்களைப் பற்றியோ அவர்கள் பேச மாட்டார்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் போகிறீர்கள் என்றால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள். இரவு தங்க ஆசைப்பட்டால் முன்கூட்டியே வழிகாட்டி மூலம் கேட்டு, ஊரின் சம்மதம் வாங்க வேண்டும். அவர்கள் சாப்பிடுவதுதான் உங்களுக்கும், படுக்கப் பாய். போனை முதலிலேயே முழுசாக சார்ஜ் செய்துகொண்டு இறங்குங்கள். மழை பெய்திருந்தால் படி வழுக்கும், நல்ல பிடிமானம் உள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். மூங்கில் கூடை, தட்டு, பை எது பிடித்தாலும் மேலே சாலைக் கடையில் வாங்காமல் கீழே பின்னுகிறவரிடமே வாங்குங்கள், காசு முழுசாக அவர் கைக்குப் போகும்.